மாவு மில்லுக்கு மேலே ஒரு டெக் கம்பெனி

புதுசாக வந்த கருவியை ஊர் ஊராக எடுத்துப்போய் "இது வேலை செய்யும்" என்று காட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது. அது வேலை செய்யாதபோது சிரித்தபடி நிற்பதும் அதே சம்பளத்தில் அடக்கம். உங்களில் யாராவது தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினோ, இன்ஷூரன்ஸோ விற்றிருந்தால் அந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். சாயங்காலம் தாடை வலிக்கும்.

நான் பி.சி.ஏ. படித்தவள். பெரம்பலூரில் துறையூர் ரோட்டில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டார்ட்அப் கம்பெனியில் இரண்டு வருடம் குப்பை கொட்டினேன். முதலாளி பெயர் பிரவீன். பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த மாவட்டத்தைக் கைதூக்கிவிட வந்தவர். மாவட்டம் அவரிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. விவசாயிக்கு டேப்லெட், லாரி டிரைவருக்கு வாட்ச், மறுபடி விவசாயிக்கே பேசும் கண்ணாடி என்று இரண்டு வருடத்தில் மூன்று முறை உலகத்தை மாற்றினார். கீழே மில் ஓடினால் மேலே எங்கள் மேசை அதிரும். வெளியூர்க்காரர்களோடு வீடியோவில் பேசும்போது, அது எங்கள் சர்வர் சத்தம் என்று சொல்லிவைப்பார்.

ரேகை இல்லாத கை

முதல் கருவி டேப்லெட். சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் வயலில் நின்றபடியே அன்றைய விலையைப் பார்க்கலாம், பயிருக்கு வந்த நோயைப் படம் எடுத்து மருந்து கேட்கலாம் என்பது திட்டம். செட்டிகுளம் பக்கத்தில் முத்துலட்சுமி என்ற அம்மாவிடம் கொண்டுபோனேன். களத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் திரையில் எங்கள் இரண்டு பேர் முகம் மட்டும்தான் தெரிந்தது. நிழலுக்குப் போனோம். அங்கே அது கைரேகை கேட்டது. ரேகை வைத்தால்தான் திறக்கும். பாதுகாப்புக்காக பிரவீன் அப்படிச் செய்திருந்தார்.

அந்த அம்மா பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வைத்தார். மீண்டும் முயற்சிக்கச் சொன்னது. நான் பிரவீனுக்குப் போன் போட்டேன். "யூசரை எஜுகேட் பண்ணுங்க செல்வி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். முப்பது வருடமாக வெங்காயம் அறுத்துத் தேய்ந்துபோன விரலுக்கு நான் என்ன கல்வி புகட்டுவது? முத்துலட்சுமியம்மாள் கோபப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டேப்லெட்டை என்னிடம் பதனமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கையில ரேகை இருக்கற ஆளாப் பாத்துக் குடு பாப்பா. எங்க ரேகையெல்லாம் வேலையிலயே போயிடுச்சு."

ஆராய்ச்சிப் பிரிவு

எங்கள் கருவிகள் எல்லாம் 'பெரம்பலூர் மண்ணில் பிறந்தவை' என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். பெட்டி மட்டும்தான் இங்கே பிறந்தது. உள்ளே இருப்பது வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரும். வந்ததும் அதில் இருக்கும் ஸ்டிக்கரை உரிக்கிற வேலை ரஹ்மத் பாய்க்கு. லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் எட்டு வருடம் இருந்தவர். எந்த மெஷினையும் பிரித்து மாட்டிவிடுவார். அவர் கையில் ஹேர் டிரையரைக் கொடுத்து ஸ்டிக்கரைச் சூடுகாட்டி உரிக்க விட்டிருந்தார் பிரவீன்.

ஒருநாள் சென்னையிலிருந்து முதலீடு செய்கிற கம்பெனிக்காரர் ஒருவர் பார்வையிட வந்தார். பிரவீன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பேசி ஒன்பது பேரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அவர்கள் நிஜமாகவே வேகமாக டைப் அடித்தார்கள். வந்தவருக்குப் பரம திருப்தி. கடைசியாக ரஹ்மத் பாயிடம் வந்து, "உங்க ஆராய்ச்சிப் பிரிவுல எத்தனை பேர்?" என்று கேட்டார். பிரவீன் பதில் சொல்வதற்குள் பாய் எழுந்து நின்றுவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு தன்னடக்கமான டீமைத் தான் பார்த்ததே இல்லை என்று போகும்போது பிரவீன் தோளைத் தட்டினார். பாய் என்னையும் கைகாட்டிச் சொன்னது இதுதான்:

"உரிக்கறதுக்கு நான் ஒருத்தன், ஒட்டுறதுக்கு இந்தத் தங்கச்சி ஒருத்தங்க. ரெண்டு பேரு சார்."

முப்பது வாட்ச்

டேப்லெட் படுத்ததும் வாட்சுக்கு மாறினோம். ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற லாரி டிரைவர்கள் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். டிரைவர் அசந்தால் வாட்ச் கத்தும். லாரி கான்ட்ராக்டர் போனுக்கும் தகவல் போகும். கான்ட்ராக்டர் ஒருவர் முப்பது வாட்ச் வாங்கினார். எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொரு டிரைவருக்கும் நானே காட்டிக்கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு போன். பெயர் மாணிக்கம், வயது ஐம்பதுக்கு மேல் என்று குரலிலேயே தெரிந்தது. "நான் வண்டியில தூங்குறேன்னு கான்ட்ராக்டரு சாவியப் புடுங்கிட்டாருங்க. இருபத்தாறு வருசமா ஓட்டுறேன், ஒரு கோழி மேல கூட ஏத்துனதில்ல. வூட்டுல பொண்டாட்டியே, நெசமாத் தூங்குனியாய்யான்னு கேக்குறா" என்றார். அந்த வாட்ச் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். கை அசையாமல் இருந்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் அறிவு. எடைமேடை வரிசையில் ஸ்டியரிங்கில் கைவைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிற மனிதனை அது தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டது.

மறுநாள் காலையில் பிரவீனிடம் சொல்லாமல் அரியலூர் பஸ் ஏறினேன். மாணிக்கத்தையும் அங்கே வரச்சொல்லி, வாசலில் நிறுத்திவிட்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குள் போனேன். "மிஷின் பொய் சொல்லுமாம்மா? நீதானே வித்த?" என்றார். நியாயமான கேள்வி. "ஒரு தடவ நீங்களே கட்டிப் பாருங்க சார்" என்று மாணிக்கத்தின் வாட்சை அவர் கையில் மாட்டிவிட்டு, அது எப்படி வேலை செய்யும் என்பதை மெதுவாக விளக்க ஆரம்பித்தேன். மேசைமேல் கையை வைத்து, என் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிடம் வாட்ச் கத்தியது. மேசையில் கிடந்த அவர் போனிலும் தகவல் வந்து விழுந்தது: 'ஓட்டுநர் உறங்குகிறார்.'

"நான் எங்கம்மா தூங்குனேன்? ஒன்னத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மாணிக்கம் அண்ணனும் அதத்தான் சார் சொன்னாரு."

கான்ட்ராக்டர் டிராயரைத் திறந்து லாரி சாவியை எடுத்து, வாசலுக்கு எழுந்துபோய் அவரே மாணிக்கத்தின் கையில் கொடுத்தார். எதிரே இருந்த டீக்கடையில் மாணிக்கம் எனக்கு டீ சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தார். பாதி டீயில் எதையோ யோசித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"நெசமாவே ஒரு தடவ கண்ணு சொக்கிடுச்சுங்க மேடம். வண்டி குலுக்குன குலுக்குல கை ஆடிக்கிட்டே இருந்துச்சா, அன்னிக்கு அது கத்தவே இல்ல."

எதிர்க்கட்சி

திரும்பி வரும் பஸ்ஸில் எதிரே வந்த ஒவ்வொரு கல் லாரியிலும் டிரைவரின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆபீசுக்கு வந்ததும் நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி பிரவீனுக்கு அனுப்பினேன். 'எட்ஜ் கேஸ்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எப்போதாவது நடக்கிற, கண்டுகொள்ள வேண்டாத விஷயம் என்று அதற்கு அர்த்தம். தூங்கும் டிரைவரை எழுப்பச் செய்த வாட்சில், டிரைவர் தூங்குவது கண்டுகொள்ள வேண்டாத விஷயமாகிவிட்டது.

ஒருநாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கான்ட்ராக்டருக்கு நானே போன் போட்டு, "எல்லாரையும் கழட்டச் சொல்லிடுங்க சார், இத நம்பி யாரும் ஓட்ட வேணாம்" என்றேன். அந்த வாரமே முப்பது வாட்சும் ஒரு சிமென்ட் சாக்கில் கட்டி எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தன. ரஹ்மத் பாய் சாக்கை அவிழ்த்தபோது நாலைந்து வாட்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பிரவீன் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"நீங்க சேல்ஸ்ல இருக்கீங்களா செல்வி, இல்ல எதிர்க்கட்சியில இருக்கீங்களா?"

மாமரம்

அடுத்தது கண்ணாடி. போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தால் அது என்ன மரம், என்ன பூச்சி, என்ன மருந்து என்று காதோரம் தமிழில் சொல்லும். ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில், ராசேந்திரன் என்ற விவசாயியிடம் மாட்டிவிட்டேன். தோப்புக்குள் சிக்னல் இல்லை. ரோடு வரைக்கும் நடந்துபோய், அங்கிருந்து திரும்பி ஓரத்து மரத்தைப் பார்த்தார். கண்ணாடி சுத்தத் தமிழில், மதிப்பிற்குரிய விவசாயியே, இது மாமரம் என்றது. என் தாடை பழக்கப்படி சிரிப்புக்குத் தயாரானது. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையால் துடைத்து, கண்ணாடிக்கு மறு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி இன்னொரு முறை பார்த்தார். மாமரம்தான். பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இத வச்சது எங்கப்பாங்க. அவரு கண்ணாடியே போட்டதில்ல, ஆனா முந்திரின்னு தெரிஞ்சுதான் வச்சாரு."

பாடம்

கண்ணாடியோடு கம்பெனியும் மூடியாயிற்று. மேல்மாடியில் இப்போது மில்காரர் தவிட்டு மூட்டை அடுக்குகிறார். ரஹ்மத் பாய் லப்பைக்குடிக்காட்டில் சொந்தமாகப் போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிறார், கூட்டம் நிற்கிறது. நான் ஜெயங்கொண்டத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறேன். பிரவீன்தான் பிஸி. கல்லூரி கல்லூரியாகப் போய், 'தோல்வியிலிருந்து நான் கற்றவை' என்று பேசுகிறார். அவர் மேடையில் நிற்கிற படம் ஒன்றை பாய்க்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டார்.

"தோத்தது நாம தங்கச்சி, பாடம் நடத்துறது அவரு. மாஷா அல்லாஹ், நல்ல கருவிதான் கண்டுபிடிச்சிருக்காரு."

அந்த இரண்டு வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்டவர்களை எல்லாம் ஒரு இடத்தில் கூட்டி நிறுத்தினால், பிரவீன் கடைசிவரை தேடியும் கிடைக்காத வாடிக்கையாளர் கூட்டம் என்னிடம்தான் இருந்திருக்கிறது என்பது தெரியவரும்.