இராகு காலத்துக்கு முன்னால் இறக்கிய வண்டி

காளிச்சாமி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். எங்கள் சீனிவாசலு மாமா தவறிய அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே இளவட்டங்கள் நின்று கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை ராமாமணியின் மகன் வம்சி சொன்னான், காளிச்சாமி கை வைத்த வண்டியில் டம்ளர் நிறையக் காப்பியோடு பொள்ளாச்சி வரைக்கும் போகலாம், ஒரு சொட்டுச் சிந்தாது என்று. உள்ளே பிணம் கிடக்க, வெளியே இப்படி ஒரு புகழ்ச்சி.

எனக்குப் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. யார் வீட்டுப் பிள்ளை, யாரைக் கட்டியவன் என்று தெரிந்தாக வேண்டும். கருமாதி முடிவதற்குள் விசாரித்துவிட்டேன். கிணத்துக்கடவுக்கு மேற்கே தேங்காய்க் களத்தில் மட்டை உரித்த ராக்கியாத்தாளின் நடு மகன். கட்டியது தெய்வாத்தாளை. தெய்வாத்தாளின் அம்மாவும் நானும் ஒரே குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். ஆகவே அவன் எனக்கு அந்நியன் இல்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன். கோயமுத்தூரில் லேத்துப் பட்டறைக்குப் போனான், அங்கிருந்து பந்தயக் கார்க்காரர்களோடு ஒட்டிக்கொண்டான். மண்ணில் ஓடும் பந்தயம், காட்டுக்குள் ஓடும் பந்தயம் என்று அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். கைத்திறன் உண்டு. அதைவிட வாய் அதிகம். இன்னாருடைய வண்டியை நான் நிமிர்த்தினேன், இன்ன மெக்கானிக் கெடுத்ததை நான் எடுத்துக் கட்டினேன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான். தப்பு என்ற சொல் அவன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. தெய்வாத்தாள் ஒரு முறை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவரு ஆக்குன கொழம்புல உப்பு இல்லீன்னா, நம்ம நாக்குல கோளாறும்பாருங்க."

வம்சிக்கு ஆர்.எஸ்.புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீடும் தோட்டமும் தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்தில். கடையிலிருந்து தொண்டாமுத்தூர் வரைக்கும் நல்ல தார் ரோடு. அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போவது ஒரு இட்டேரி, ஒற்றை வண்டி போகும் மண் தடம். இடது பக்கம் கிளுவை வேலி. வலது பக்கம் யானை வராமல் இருக்க வெட்டிய அகழி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். நடுவில் டிராக்டர் உழுதுபோட்ட பள்ளமும் மேடும். வம்சியின் கார் தினமும் அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

அவன் மனைவி பிரத்யுஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்காமல் போனது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி அம்மா உடம்பு குலுங்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். டவுனில் வீடு பார் என்று நான் சொன்னேன். ஜீப் வாங்கித் தொலையேன் என்று அவன் சித்தப்பா மகன் கிண்டல் பண்ணினான். வம்சி காளிச்சாமியிடம் போனான்.

காளிச்சாமி இட்டேரிக்கே வந்து பள்ளத்தில் இறங்கி, முழங்கால் வைத்து அளந்து பார்த்தான். அகழியையும் எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னது இதுதான்: சுருள் வில்லும் ஷாக் அப்சர்வரும் ஒரே தூணாகச் சேர்ந்த சாமான் இருக்கிறது, காயில் ஓவர் என்று பெயர். தூணில் மரை ஓடும். வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், இறங்கும். தலையில் ஒரு குமிழ் உண்டு, ஒரு பக்கம் திருப்பினால் தார் ரோட்டுக்கு விறைப்பு, மறுபக்கம் திருப்பினால் மண்ணுக்கு இளக்கம். பந்தயக்காரர்கள் போல அடியோடு தாழ்த்தாமல், பள்ளத்தில் சக்கரம் தொங்குவதற்கு இடம் விட்டு உயர்த்தி வைத்தால், அம்மணி தூங்கிக்கொண்டே வரலாம்.

நெட்டில் விசாரித்து வரவழைத்த சாமான் வந்து சேர்ந்ததும் வம்சி வியாழக்கிழமை கொட்டகையில் வண்டியை விட்டான். பழைய தூண் ஒன்று துருப்பிடித்துக் கழலவில்லை. சூடு காட்டி, தட்டி, அதைப் பிடுங்குவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் பிறக்கும். அதற்குள் ஈச்சனாரிப் பிள்ளையாரிடம் வண்டி பூஜை முடிந்திருக்க வேண்டும் என்று ராமாமணி நாள் குறித்துவிட்டாள். புது வண்டிக்குத்தானே பூஜை, இது பழைய வண்டி என்று வம்சி சொல்லிப் பார்த்தான். நாலு காலையும் மாற்றினால் அது புது வண்டிதான் என்றாள் அவள்.

வம்சியும் பிரத்யுஷாவும் ராமாமணியும் நானும் ஆட்டோவில் கொட்டகைக்குப் போனபோது மூன்று பக்கம் முடிந்திருந்தது. முன்பக்க வலது தூண் மட்டும் அப்போதுதான் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. ராமாமணி கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏப்பா காளிச்சாமி, ராகு காலம் உன்ற பேச்சைக் கேட்டு நிக்குமா? எறக்கு வண்டியை."

காளிச்சாமி இறக்கினான். அந்தத் தூணையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது இரண்டே போல்ட். அலைன்மென்ட் பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வைச் சரி செய்ய எப்படியும் தளர்த்த வேண்டியதுதான் என்று, அவன் அவற்றைக் கையால் திருகி வைத்திருந்தான். ஸ்பேனர் போட்டு முறுக்கவில்லை. கோயில் கூப்பிடு தூரம், மெதுவாகப் போய் வந்துவிட்டால் முறுக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை முடியவில்லை என்று எங்கள் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டது போல ஆகும். பூஜை முடிந்ததும் அலைன்மென்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னான், அவ்வளவுதான். வம்சியும் தலையை ஆட்டினான்.

இதெல்லாம் பிறகு தெய்வாத்தாள் சொல்லி எனக்குத் தெரிந்தது. அன்று நாங்கள் தேங்காய் சுற்றி உடைத்தோம், சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து நசுக்கினோம், கற்பூரம் காட்டினோம். மந்திரம் சொல்லும்போது வம்சியின் போன் அலறியதால், அதை வாயடைத்துப் பிரத்யுஷாவின் பையில் போட்டு, பையை டிக்கியில் பிரசாதத்தோடு வைத்தோம்.

வம்சி கொட்டகைப் பக்கம் வண்டியைத் திருப்பப் பார்த்தான். ராமாமணி விடவில்லை. பூஜை போட்ட வண்டி வந்த வழியே திரும்பாது, முன்னால் போய் வீட்டு வாசலில்தான் நிற்கும், அது எங்கள் அம்மா காலத்திலிருந்து இருக்கும் வழக்கம். அந்த வழக்கத்தை நானும் எடுத்துச் சொன்னேன். அலைன்மென்ட்தானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று வம்சி வண்டியை நேரே விட்டான்.

பேரூர் தாண்டும்வரை சுகமாக இருந்தது. இளநீர் குடிக்க நிறுத்தினோம். அதற்குப் பிறகு வலது பக்கம் முன்னால் டொக்கென்று ஒரு சத்தம். சற்றுப் போனதும் மறுபடியும் கேட்டது. பந்தயச் சாமான் என்றால் கொஞ்சம் சத்தம் போடும் என்றான் வம்சி. புதுச்செருப்பு கூடத்தான் கத்தும் என்றாள் ராமாமணி. வண்டி வலது பக்கமே இழுப்பது போல வம்சி அடிக்கடி ஸ்டீயரிங்கை இடதுபுறம் பிடித்து நேராக்குவதைப் பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டு வந்தேன். அலைன்மென்ட் பார்க்காததால் இருக்கும் என்று அவனே சொன்னான்.

கொட்டகையில் காளிச்சாமி அரை மணி நேரம் வாசலைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். போன் அடித்தான், யாரும் எடுக்கவில்லை. அவனிடம் இருந்தது வம்சியின் நம்பர் ஒன்றுதான். ஒரு பையில் ஸ்பேனர்களையும் ஜாக்கியையும் புது போல்ட்டுகளையும் அள்ளிப்போட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கோயில் வாசலில் பூக்காரம்மாவைக் கேட்டதற்கு, மாலை போட்ட வெள்ளைக் கார் அப்போதே மேற்கே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். இட்டேரியும் அகழியும் அவன் கண்ணால் பார்த்த இடங்கள். தார் ரோட்டில் தாங்கினாலும் முதல் நாலு பள்ளத்தில் அந்த போல்ட் தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

நாங்கள் இட்டேரிக்குள் இறங்கினோம். வம்சி இறங்கி, குமிழை மண்ணுக்குத் திருப்பிவிட்டு ஏறினான். முதல் பள்ளம் வந்தது. வண்டி பஞ்சு மூட்டை போல அமுங்கி எழுந்தது. பிரத்யுஷா என் கையைப் பிடித்துச் சிரித்தாள். "பெரியத்தை, ஒண்ணுமே தெரியல," என்றாள். அடுத்த பள்ளத்தில் டக்கென்று பலமாக அடித்தது. ஸ்டீயரிங் வம்சியின் கையிலிருந்து வெடுக்கென்று அகழிப் பக்கம் திரும்பியது. அவன் இழுத்துப் பிடித்தான்.

அந்த நேரத்தில் பின்னால் ஹாரன். விடாத ஹாரன். புழுதியில் ஆள் தெரியவில்லை. யாரோ அவசரமாக வருகிறார்கள், ஒதுங்குவதற்கு இங்கே இடமில்லை, கொஞ்சம் முன்னால் அகலம் இருக்கிறது என்று வம்சி வேகத்தைக் கூட்டினான். வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் விழுந்தது. பிரத்யுஷா சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள். என் பக்கத்து ஜன்னலில் அகழியின் அடிமண் தெரிந்தது.

சட்டென்று ஹாரன் நின்றது. தான் அடிப்பதால்தான் கார் வேகம் எடுக்கிறது என்று காளிச்சாமிக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. முன் சக்கரம் குடை மாதிரி சாய்ந்து ஓடுவதையும் பார்த்துவிட்டான். கிளுவை வேலியை ஒட்டி, முள் கிழிக்கக் கிழிக்க இடது பக்கமாக மோட்டார் சைக்கிளை நுழைத்து முன்னால் வந்து, வண்டியைக் குறுக்கே சாய்த்துவிட்டுத் தானும் விழுந்தான். வம்சி பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. வலது சக்கரம் அகழியின் கரை மண்ணை உதிர்த்துக்கொண்டு நின்றது.

எங்களை எல்லாம் இடது பக்கமாக இறங்கச் சொன்னான் காளிச்சாமி. அவன் வேட்டி தொடை வரைக்கும் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பிரத்யுஷாவை வேலியோரக் கல்லில் உட்கார வைத்தேன். அவள் வயிற்றில் கை வைத்தபடி குனிந்திருந்தாள். குழந்தை அசைகிறதா என்று கேட்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வம்சி குனிந்து பார்த்தான். இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம். மற்றது பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "சாமான்தான் மோசமா இருக்கணும். ஓட்டுன ஆளுங்க நெட்டுல சொன்னதை நம்பி வாங்குனது என்ற தப்பு," என்று காளிச்சாமி தப்பிக்க அவனே ஒரு வழியைத் திறந்துவிட்டான்.

காளிச்சாமி ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவன் வம்சியைப் பார்த்தான், கல்லில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"சாமான் மேல குத்தமில்லீங்க தம்பி. நாந்தான் முறுக்கல. கையில திருகி உட்டுப்போட்டேன். அவசரத்துலன்னு சொல்ல மாட்டேனுங்க, முறுக்கலைன்னு சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

வம்சி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் இடையில் புகுந்து விலக்கினேன். ராமாமணி ஆடித் தீர்த்துவிட்டாள். இவன் கை இனி இந்த வண்டியில் படக் கூடாது, தொண்டாமுத்தூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவா என்று சத்தம் போட்டாள். வேறு ஆள் வரும்வரை வண்டி அகழிக் கரையில் நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. மண் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"அசையுதுங்க அத்தை," என்றாள் பிரத்யுஷா. எல்லோரும் திரும்பினோம். அவள் மாமியாரைப் பார்த்தே சொன்னாள்: "அவரே போடட்டும். எதை முறுக்கலைன்னு அவருக்குத்தான தெரியும்."

காளிச்சாமி ஜாக்கி வைத்துத் தூக்கி, புது போல்ட் போட்டு, காலை வைத்து எம்பி முறுக்கினான். முடித்ததும் ஸ்பேனரை வம்சியிடம் நீட்டினான். மற்ற பக்கம் எல்லாம் முறுக்கித்தான் இருக்கிறது, ஆனால் தன் பேச்சை நம்ப வேண்டாம், அவனே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கட்டும் என்றான். வம்சி அதை வாங்கி, சக்கரம் சக்கரமாகப் படுத்து எழுந்தான். எல்லாம் இறுகியிருந்தது. அப்படியும் பிரத்யுஷாவை அவன் காரில் ஏற்றவில்லை. அவளும் நானும் தோட்டம் வரைக்கும் நடந்தே போனோம்.

பெண் குழந்தை குறையில்லாமல் பிறந்தது. பெயர் நவ்யா. தொட்டில் கட்டிய அன்று ராமாமணி இந்தக் கதையைச் சொன்னாள். அடுத்த கல்யாணத்தில் சொன்னாள். வேறொருத்தியின் சீமந்தத்தில் சொன்னாள். வண்டியைத் திரும்ப விடாதது அவள் கதையில் வராது, நான் அவளுக்கு ஒத்து ஊதியதும் வராது. முறுக்காத போல்ட் மட்டும் வரும். எங்கள் சொந்தத்தில் அதற்குப் பிறகு யாரும் காளிச்சாமியிடம் வண்டி விடவில்லை. பந்தயப் பையன்களுக்கும் சேதி போனது. யாராவது வந்து கேட்டால் அவனும் இல்லை என்று மறுக்கவில்லையாம், நடந்ததை நடந்தபடி சொன்னானாம். வந்தவர்கள் யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். அடுத்த பொங்கலுக்குள் தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டான்.

வம்சியின் காரில் இன்றைக்கும் அவன் போட்ட அதே தூண்கள்தான்.

காளிச்சாமி இப்போது கிணத்துக்கடவில், தேங்காய் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் ஒரு பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறான்.