பவர் பத்திரத்தில் ஒரு வரி

இன்று காலை ஒரு பெரியவர் பவர் பத்திரம் எழுத வந்தார். விருதுநகரில் பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. பக்கத்து குடோனில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் அவருக்கும் எனக்கும் மாறி மாறித் தும்மல். ஊரில் கிடக்கும் நிலத்தை விற்றுத்தர மருமகனை நியமிக்கிறார். "பவர் ஏஜெண்டுன்னு போட்டுருக்கீகளே தாயி, தமிழ்ல அதுக்குப் பேரு கெடையாதா?" என்று கேட்டார்.

பேருக்கா பஞ்சம்? முகவர் என்றேன், பிரதிநிதி என்றேன், அதிகாரம் பெற்றவர் என்றேன். சின்னப் பிள்ளையின் சொத்து என்றால் கார்டியன், கோர்ட் என்றால் வக்கீலுக்கு வக்காலத்து. வாயைத் திறந்தால் நான் லேசில் மூடமாட்டேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க பக்கம் பதிலாளுன்னு சொல்லுவோம்," என்றார்.

அந்தச் சொல்லைக் காதால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வரும். தீபாவளி சீசனில் ஒரு நாள் வேலைக்கு வராமல் நின்றாலும் உங்கள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதனால், போக முடியாதவள் தனக்குப் பதிலாளை அனுப்புவாள். போர்மேன் நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். யாராவது ஒருத்தி "இருக்கேன்" என்றால் போதும், டிக் விழும். காய்ச்சல், கல்யாணம், இருக்கன்குடிக் கோயில் நேர்த்திக்கடன், எல்லாவற்றுக்கும் பதிலாள்தான். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திரி சொருகும் அறையில் வேலை. வேலை முடிந்து சாத்தூரில் இறங்கி டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்தேன். மருந்து படிந்த விரலால் நான் தொட்ட இடமெல்லாம் காகிதம் சாம்பல் நிறமாகும். சொல்லித்தந்த டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த லட்சணத்தில் எனக்கு ஆபீஸ் உத்தியோகக் கனவு. பரீட்சை விருதுநகரில், சீசன் உச்சத்தில் வந்து நின்றது. அம்மாவிடம் சொன்னால், பரீட்சைக்கெல்லாம் எதற்குப் பதிலாள் என்று விடவே மாட்டாள். எதிர்வீட்டுச் செல்வியிடம் சொன்னேன்.

செல்வி உள்ளூர்த் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டாசு வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். "ஒரு நாளுதான பிள்ள, எங்காத்தாவுக்குத் தெரியவா போகுது? குச்சி அடுக்குறவளுக்குத் திரி சொருகத் தெரியாதாக்கும்? நீ போயி பரீச்சைய எழுது," என்றாள். சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ள என் நீலச் சட்டையைக் கொடுத்தேன். எங்கள் அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை அது. ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டாள். நான் ஊர்க்கோடியில் பஸ் ஏறினேன், அவள் வேன் ஏறினாள்.

பரீட்சையை நன்றாகவே எழுதினேன். திரும்பும்போது பஸ்ஸில் பட்டாசு ஆலை விபத்து பற்றிப் பேசிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நம்முடையதாக இருக்காது என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். செத்தது நான். கம்பெனி ஆள் நோட்டைப் பார்த்து என் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீலச் சட்டை என்று அடையாளமும் சொல்லியிருந்தார். வேனில் போன ஊர்க்காரர்கள் யாரும் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி விடவும் நேரமிருந்ததால் செல்வியை யாரும் தேடவில்லை. தரையில் புரண்டு அழுத என் அம்மாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தவர் செல்வியின் அம்மா.

என்னை முதலில் பார்த்ததும் அவர்தான். "மாரியாத்தா புள்ளையக் கொண்டாந்துட்டா, அங்கன பாரு, ஒம்மக நிக்கா," என்று என் அம்மாவை உலுக்கினார். ஓடி வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார். பிறகுதான் கேட்டார்: "அப்ப ஒஞ்சட்டையப் போட்டுக் கெடக்கது யாரு தாயி?"

ஊரில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெயரைச் சொன்னேன். என் கன்னத்திலிருந்து அவர் கை விலகியதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருக்கலாம். நான்தான் தண்ணீர் எடுத்து வைக்க, அடுப்புப் பற்றவைக்க என்று அந்த வீட்டையே சுற்றினேன். ஒரு நாள் குடத்தை என் இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். "செல்வி எடத்துக்கு ஆளு வேண்டாம் தாயி. அந்த எடம் அப்படியே கெடக்கட்டும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதோடு நான் அந்தப் படி ஏறவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பரீட்சையில் தேறித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இப்போது கம்பெனிகளில் விரல் ரேகை வைத்தால்தான் உள்ளே விடுகிறார்களாம். போர்மேன் நோட்டு போயிற்று, பதிலாளும் போயிற்று. எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் அந்தச் சொல்லே தெரியவில்லை.

பெரியவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். எல்லாப் பவர் பத்திரத்திலும் கடைசியில் ஒரு வரி வரும்: மேற்படியார் என் சார்பில் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததாக ஒப்புக்கொள்கிறேன். டைப்ரைட்டர் காலத்தில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் அதை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். அங்கே வந்ததும் என் விரல் நின்றுவிடும். இப்போது கம்ப்யூட்டரில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.