கலங்களில், கலங்களை

அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பாதி வேலிகளில் அது நிற்கிறது. பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது அரைத்துக் குடிப்பார்கள். எனக்கு ஒருமுறை பட்டது போதும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் அதன் இலைச்சாற்றை எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்துக்கொண்டிருந்தேன். வைரஸ் தனியே பெருகாது, அதற்கு மனிதக் கலம், அதாவது உயிருள்ள செல், வேண்டும். சாதாரண இரத்தக் கலங்களை வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நாளில் செத்துவிடும். புற்றுநோய்க் கலங்களோ தீனி போடப் போடப் பெருகும். அதனால் எல்லாரும் செய்வதுபோல நானும் இரத்தப் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து, வெளியே பரவமுடியாதபடி வெட்டிக் குறைத்த வைரஸை அவற்றுக்குள் விட்டு, சாற்றை ஊற்றிப் பார்த்தேன். கலம் செத்தால் வைரஸும் நின்றுவிடும், அது வெற்றியில்லை. கலம் நலமாக இருக்க, வைரஸ் மட்டும் அடங்கவேண்டும். அப்படித்தான் அடங்கியது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு கண்காட்சியில் வைத்த பதாகையில் ‘புற்றுநோய்க் கலங்களில் வைரஸைத் தடுக்கும் இலைச்சாறு’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் பத்திரிகையில் ‘புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கும் இலைச்சாறு’ என்று வந்தது. வைரஸையே காணோம். செடியின் பெயர் இருந்தது, என் படமும் இருந்தது. திருத்தம் போடச் சொல்லியிருக்கவேண்டும். படம் வடிவாக வந்திருந்தது, சும்மா இருந்துவிட்டேன்.

என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். அவளை வடகரையில் கட்டிக்கொடுத்திருந்தது, அத்தான் கடலுக்குப் போகிறவர். மூன்று கிழமைக்கு ஒருமுறை தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றுவாள். பத்திரிகையில் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அவள் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தால், போத்தல் போத்தலாகப் பச்சைச் சாறு. மணத்திலேயே தெரிந்துவிட்டது.

கிளினிக்குக்குப் போனாயா என்று கேட்டேன். இரண்டு தவணை போகவில்லையாம். அன்றைக்கு மூன்றாவது தவணை, அதற்கும் போகிற எண்ணமில்லை. இதைக் குடிக்கத் தொடங்கியபிறகு நல்ல பசியாம், சத்தி குமட்டல் இல்லையாம், தலைமயிரும் முளைக்கிறதாம். மருந்தை நிறுத்தினால் மயிர் முளைக்காமல் என்ன செய்யும்?

“ஆர் உனக்கு உதைக் குடிக்கச் சொன்னது?”

“நீதானே கண்டுபிடிச்சனி. பேப்பரிலை வந்ததெல்லே.”

பேப்பர் பிழை என்று கத்தினேன். பிழையென்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, அவள் மீன் வெட்ட உட்கார்ந்தாள். கிளினிக் மதியத்தோடு முடிந்துவிடும், மணி பத்தைத் தாண்டியிருந்தது. என்ன சொல்லி இவளை எழுப்புவது?

கடைசியில் கைத்தொலைபேசியை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினேன். ஒன்று சாறு ஊற்றிய அன்று நுணுக்குக்காட்டியில் எடுத்தது, மற்றது மூன்றாம் நாள் எடுத்தது. முதலாவதில் அங்கொன்று இங்கொன்றாக உருண்டைகள். இரண்டாவதில் பயறு கொட்டினாற்போல நெருக்கம்.

“இது புற்றுநோய்க் கலம், அக்கா. நீ குடிக்கிற சாறுதான் ஊத்தியிருக்கு.”

செதில் ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“சாகேல்லையே?”

“இல்லை. இந்தச் சாறு அதைச் சாக்கொல்லாது. அதுக்காகத்தான் நான் சந்தோசப்பட்டனான்.”

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உந்தக் கலம் ஆற்றை?”

“இரத்தத்திலை புற்றுநோய் வந்த ஒராளின்ரை.”

“அந்தாள் இருக்கோ?”

“இல்லை. அந்தாள் எப்பவோ செத்துப்போச்சு. இது மட்டும் இருக்கு.”

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, சீலை மாற்றிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரில் ஏறினாள்.

கிளினிக் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். கட்டி பெருத்திருந்தது. இனி மருந்தை மாற்றவேண்டும், கேட்குமா என்று பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். தவணை தவறியதற்கு அக்கா சாறு குடித்த கதையைச் சொன்னதும், யார் இந்த இலைச்சாற்றைக் குடிக்கச் சொன்னது என்று கேட்டார். நான் அக்கா இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கப் போனேன், அக்கா முந்திக்கொண்டாள்.

“ஊர்ச்சனத்தின்ரை கதையைக் கேட்டுக் கெட்டன், டொக்டர். இவ என்ரை தங்கச்சி. இவதான் இண்டைக்கு இழுத்துக்கொண்டு வந்தவ.”

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்.

நான் “ஓம்” என்றேன்.