ராசியான எலக்ட்ரோடு

இரண்டாயிரங்களில் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அப்போது 'நானோ' என்று முன்னால் ஒட்டாமல் எங்கள் துறையில் ஓர் ஆய்வும் நகராது. என் வழிகாட்டிப் பேராசிரியரும் ஒட்டிக்கொண்டார். கடையில் விற்கும் சர்க்கரைப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் என்சைம் இருக்கும். நாங்கள் என்சைம் இல்லாமல், காப்பர் ஆக்சைடு நானோ துகள் பூசிய எலக்ட்ரோடால் அளந்தோம். சர்க்கரை கூடினால் மின்னோட்டம் கூடும். விஷயம் அவ்வளவுதான். அவர் அலட்டுவதைக் கேட்டால் உலகத்து டாக்டர்களெல்லாம் எங்கள் லேப் வாசலில் நிற்பதாகத் தோன்றும்.

அளந்தபின் எலக்ட்ரோடைத் தேய்த்துச் சுத்தமாக்கி, புதிதாகப் பூச வேண்டும். இல்லையென்றால் அழுக்குப் படிந்து மின்னோட்டம் குறையும். ஒரே ஓர் எலக்ட்ரோடுக்கு மட்டும் விதிவிலக்கு. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளிலேயே மிக அழகான வரைபடம் அதில் அளந்துதான் கிடைத்தது. ஆயுத பூஜையன்று அதன் பெட்டிக்குத் தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"ஏலே, அதத் தேய்ச்சுராத. ராசியான எலக்ட்ரோடு."

முனைவர் பட்டம் வாங்கிய வாய் இது.

அவருக்குச் சர்க்கரை நோய். கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. தன் ரத்தத்தை அந்த எலக்ட்ரோடில் தானே அளக்க ஆரம்பித்தார். ரத்தம் படியப் படிய மின்னோட்டம் இறங்கியது. சர்க்கரைதான் இறங்குகிறது என்று மாத்திரையை நிறுத்தினார். டீக்கடையில் ஜிலேபி சாப்பிட்டார். விந்தி விந்தி நடந்துகொண்டே, நானோவின் மகிமை என்றார்.

சர்க்கரை அளவு தெரிந்த கரைசலை அவர் கண்முன்னே அதில் அளந்து காட்டினேன். பாதிகூடக் காட்டவில்லை.

"பாருங்க சார், எலக்ட்ரோடு செத்துப்போச்சு. புண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"ஒன் கரைசல் பழசு. போயி புதுசாக் கலக்கு."

புதிதாகக் கலந்தேன். அதற்குள் ஜிலேபிக்குப் போய்விட்டார்.

புண் முற்றி அவர் கால் விரலை வெட்டி எடுத்தபின் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நர்ஸ் ஸ்ட்ரிப்பில் அளந்து, சர்க்கரை இன்னும் ஏகத்துக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்சைம்லே அது. இம்புட்டு வெயிலுக்குக் கெட்டுப்போயிருக்கும். நம்ம எலக்ட்ரோட எடுத்தாந்திருக்கியா?"

இல்லை என்றேன்.

"பொறுப்பில்லாத பய" என்று மனைவியிடம் சொன்னார்.