கலப்படமில்லாத ஆங்கிலம் விற்ற இடம்

டியூஷன் வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

குனோங் ராபாட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் சென்டர். வாசல் பேனரில் "கலப்படமில்லாத அசல் ஆங்கிலம்" என்று போட்டிருந்தார் பாஸ். நெய் வியாபாரிகளுக்கு அடுத்தபடியாகக் கலப்படத்தை நினைத்து இவ்வளவு வருந்தியவர் அவர்தான். உள்ளே தமிழோ மலாயோ, எங்கள் ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோ வாயில் வந்தால், அந்தப் பிள்ளைக்கு அன்று வகுப்பு இல்லை.

என் மகள் தேவிகா அங்கேதான் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தாள். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர் படிப்பு, சிறுவயது ஆசை. ஒருநாள் மடக்கு நாற்காலி ஒன்று அவள் காலில் விழுந்தது. "ஐயோ!" என்றாள். வெளியே போகச் சொல்லிவிட்டார் பாஸ்.

"சார், அடிபட்டிருச்சு சார்," என்றேன்.

"பட்டா என்ன டீச்சர்? 'ஓ டியர்'னு சொல்லியிருக்கலாம்லா. உங்க பொண்ணுன்னு விட்டுட்டா மத்த பேரன்ட்ஸ் என்னைச் சும்மா விடுவாங்களா?"

விதியைத் தமிழில்தான் விளக்கினார். 'லா'வும் இருந்தது. முதலாளிக்கு விலக்கு உண்டு போலும்.

வீட்டில் தேவிகா சொன்னாள்: "நான் இன்டர்வியூக்குப் போகலம்மா. வாயத் தொறந்தா என்ன வந்து விழுமோன்னு பயமா இருக்கு." அதன் பிறகு சாப்பிட்டாயா என்றாலும் தலையாட்டல்தான். எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அசல் ஆங்கிலத்தின் பெருமையைப் பேசச் சொன்னார் பாஸ். சொன்னதைச் செய்வதுதானே ஊழியருக்கு அழகு? தேவிகாவையும் வற்புறுத்திக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தை ஒருவர் வாசித்த ஒலிப்பதிவைப் போட்டேன்.

யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. செமோரிலிருந்து வரும் லாரி டிரைவர் முனியாண்டி அண்ணன்தான் கேட்டார்: "என்ன டீச்சர், ஜெர்மன் கிளாஸும் தொறந்துட்டீங்களா?"

"இதான்ணே அசல் இங்கிலீஷ். கலப்படத்துக்கு முன்னாடி உள்ளது."

பிறகு கலப்படத்தின் கதையைச் சொன்னேன். வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்களின் சொற்கள் நுழைந்தன. அப்புறம் பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் ஆள வந்தார்கள். மாட்டை மேய்த்தவன் அதைப் பழைய சொல்லால் 'கவ்' என்று அழைத்தான். அதன் இறைச்சி பிரபுவின் மேசைக்குப் போனதும் 'பீஃப்' என்று பிரெஞ்சுப் பெயராகிவிட்டது.

"நம்ம எஸ்டேட் கதைதான்லா," என்றார் அண்ணன். "வளர்த்தவன் ஒண்ணு சொல்லுவான், தொர ஒண்ணு சொல்லுவான்."

அப்புறம் லத்தீன். அப்புறம் கப்பல் தொட்ட துறைமுகமெல்லாம். நம் கட்டுமரம் போயிற்று, மலாய்க்காரர்களின் ஓராங் ஊத்தானும் போயிற்று. 'ஐயோ' என்பதே இன்று பெரிய ஆங்கில அகராதியில் இருக்கிறது என்றேன். பாஸ் இருமினார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். முனியாண்டி அண்ணன் கையைத் தூக்கினார்.

"அந்தப் பழசுக்கு எத்தன வயசு டீச்சர்?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்ணே."

"அவ்வளவுதானா? தமிழுக்கு அது பேரப்புள்ள! பரவால்ல, பழசுதான் சுத்தம். எம்பொண்ணுக்கு அதையே சொல்லிக் குடுங்க."

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். பாஸின் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழமையே ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்று காதோரம் கேட்டார். இத்தனை வருடச் சேவைக்கு எனக்குக் கிடைத்த பதவி உயர்வு: உலகில் எவரும் பேசாத மொழிக்கு நான் ஆசிரியை.

கடைசி வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். தேவிகா.

காரில் கேட்டாள்: "அப்ப சுத்தமா பேசினவங்க யாருமே இல்லையாம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப நான் போறேன்."

நேர்முகத் தேர்வு நாளில், மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. எங்கே தவறு விட்டாளோ என்று என் காது தேடித் தேடிக் களைத்தது. எதையும் திருத்த வழியில்லை. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை காலம் கழித்து நான் கற்றது இதுதான்: பிள்ளை பேசத் தொடங்கிவிட்டால், ஆசிரியர் கொஞ்ச நேரம் வெளியே உட்காரலாம்.