போனுக்குப் பின்னால் ஒட்டிய தகடு

கோத்தகிரியிலிருந்து தேயிலைத்தூள் மூட்டைகளோடு இறங்கும்போது, டிரைவர் செல்வண்ணனுக்குக் கை நடுங்கியது. ஒரு மலை வளைவில் லாரியை ஓரங்கட்டி, சர்க்கரை அளவு பார்க்க, புஜத்தில் ஒட்டியிருந்த சென்சார் மேல் போனை வைத்தார். மூன்று முறை வைத்தும் எண் வரவில்லை.

"ஏனுங்ணா, சென்சாரைப் படிக்கற என்.எஃப்.சி. போனுல ஆஃப்ல இருக்குதுங்களா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டேன்.

"ஆன்லதான்டா இருக்குது. கூடியிருக்குதா கொறஞ்சிருக்குதான்னு தெரியாம எதைத் திங்கறது?" அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

டேஷ்போர்டு காந்தத்தில் போன் நிற்கட்டும் என்று, அதன் பின்புறம் இரும்புத் தகடு ஒட்டியவன் கிளீனரான நான்தான். காலையில், அவரைக் கேட்காமல். இரும்பு குறுக்கே நின்றால் போன் சென்சாரைப் படிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. நகம் பிய்ந்து ரத்தம் வரத் தகட்டைப் பெயர்த்தேன். மறுபடி வைத்ததும் எண் வந்தது. மிகவும் குறைவு. டீ போட லாரியில் வைத்திருந்த சர்க்கரையை அவர் வாயில் கொட்டினேன்.

நடுக்கம் நின்றதும், "உன்ற வேலைதானாடா?" என்றார்.

"ஆமாங்ணா."

பல ஊர்களில் பல வேலை பார்த்தவன் நான். உதவி செய்வதற்கும் முதலில் கேட்க வேண்டும் என்று அந்த வளைவில்தான் கற்றேன்.