ஓட்டியவர் பெயர்

அலுவலகத்தில் அவரைத் 'தேய்மானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, நஷ்டம் இவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். பம்பர் உடைந்து வந்தவரிடம், "பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம். மீதிதான் கிடைக்கும்" என்பார். ரப்பருக்கும் அதே கணக்கு. வண்டிக்கு வயது ஏற ஏற இரும்பிலும் கழித்துக்கொண்டே வருவார். யாராவது அழுதால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அந்தத் தண்ணீரில் மட்டும்தான் மனுஷன் பாதி கழிக்க மாட்டார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊரார் வண்டிகளை எல்லாம் இப்படிக் கழித்துத் தள்ளிய மனிதர் சொந்தமாக என்ன வைத்திருந்தார் தெரியுமா? முப்பது வயதான ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தலைக்கு மேலே துணிக்கூரை. வாங்கும்போதே அதற்கு ஆறு வயது. கல்யாணத்துக்கு முன்பு, அதுவரை சேர்த்ததை எல்லாம் கொட்டி வாங்கினார். அவருடைய அட்டவணைப்படி பார்த்தால் அந்த வண்டியின் மதிப்பு என்றோ காலி. அதைவிட அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதிகம் பெறும்.

செலவு மட்டும் தேயவில்லை. வண்டியைச் செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. ஒரு சின்ன உதிரிப்பாகம் கப்பலில் வர நான்கு மாதம் ஆகும். வந்து சேர்ந்தால் அது வேறு வருஷத்து மாடலுக்கானதாக இருக்கும். கூரை கிழிந்தது, மாற்றினார். அடித்தட்டில் துரு ஏறியது, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்தார். ஸ்பீடாமீட்டரும் அதிலுள்ள கிலோமீட்டர் கணக்கும் நின்று பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு மட்டும் உலகத்தில் எங்குமே பாகம் கிடைக்கவில்லை. வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து பாத்திரத்தில் விழுந்தது. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். அந்த அடுத்த மாதம் ஒன்பது வருஷமாக வரவே இல்லை. வண்டி நிற்கிற கொட்டகைக்கு மட்டும் ஒழுகாத கூரை இருந்தது.

மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊசியும் குழாயுமாக நின்றே கழியும். வாரத்தில் புதன்கிழமை மட்டும் அவளுக்கு ஓய்வு. இந்த வண்டியைப் பற்றி அவள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அது அவருக்குப் பெருமை. "எங்க வீட்டம்மா வண்டி விஷயத்துல வாயே திறக்க மாட்டா" என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார். வாய் திறக்காதவர்களைப் பார்த்து இப்படிப் பெருமைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சொல்லி என்ன பயன்.

மகள் பிறந்ததும் இரண்டு இருக்கைக்குள் மூன்று பேர் அடங்கவில்லை. எங்காவது போவதென்றால் மனைவியும் குழந்தையும் பேருந்தில் போவார்கள். இவர் பைகளைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் பின்னாலேயே வருவார். குழந்தை கடைசி சீட்டில் மண்டியிட்டு நின்று, பின் கண்ணாடி வழியாக அப்பாவுக்குக் கை காட்டும். இவரும் காட்டுவார். அதை ஒரு சந்தோஷமான காட்சி என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். மாற்றுச்சாவி அலமாரியில். புதன்கிழமைகளில் கம்பெனி ஜீப்பில் வெளியூர் விபத்துகளைப் பார்க்கப் போவார். அன்று மட்டும் சிவப்பு வண்டி வீட்டில் நிற்கும். இன்சூரன்ஸில் ஒரு சலுகை உண்டு. 'சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் ஓட்ட மாட்டார்கள்' என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியம் குறையும். வேறு யாராவது ஓட்டி அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தாலே அவருக்கு இளக்காரம். "படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடுறதுக்குன்னே பொறந்திருக்காங்க" என்பார். தன் வண்டிக்கு அவரே அந்தக் கையெழுத்தைத்தான் வருஷா வருஷம் போட்டு வந்தார். படித்துப் பார்த்துத்தான் போட்டார். தன்னைத் தவிர அந்த வண்டியை வேறு யார் தொடப் போகிறார்கள்?

நடுவில் ஒரு விவகாரம் நடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு, வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை பார்த்த முள் வியாழக்கிழமை கீழே இறங்கியிருக்கும். பம்பை மாற்றினார், குழாயை மாற்றினார். முள் அப்படியும் இறங்கியது. கடைசியில் சந்தேகம் மெக்கானிக்கின் மேல் திரும்பியது. தெருமுனையில் பட்டறை வைத்திருந்தவர், பதினைந்து வருஷப் பழக்கம், கொட்டகைக்குள் வந்து போகிற உரிமை உள்ளவர். நாலு பேர் பார்க்க நடுத்தெருவில் வைத்து, "என் வண்டியில பெட்ரோல் உறிஞ்சிப் பொழைக்கிற நிலைமைக்கு வந்துட்டியா?" என்று கேட்டார். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துவிட்டு, "இனிமே உங்க வண்டிக்கு வேற ஆளைப் பாருங்க சார்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு ஊரின் இன்னொரு கோடியில் இரட்டைக் கூலி கொடுத்து வேலை பார்த்துக்கொண்டார். இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர் கொட்டகையைப் பார்த்தார். வண்டியின் முகம் இல்லை. பானெட் மடங்கி, விளக்குகள் நொறுங்கி, முன்சக்கரம் ஒன்று உள்ளே திரும்பி நின்றது. இவர் மண்டியிட்டுக் கீழே பார்த்தார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்திருந்தது. இப்படி வளைந்த வண்டிகளை 'கண்டம்', இனி இரும்புக்குத்தான் என்று எத்தனையோ பேரிடம் அவர் சட்டென்று சொல்லியிருக்கிறார்.

"யார் வேலை இது?"

"நான்தான்" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றுகொண்டு. "முன்னாடி போன குப்பை லாரி திடீர்னு நின்னுடுச்சு. பிரேக் போட்டேன், நிக்கல. லாரிக்கு ஒண்ணும் ஆகல, அவன் போயிட்டான். நான்தான் ஆள் வச்சு இழுத்துட்டு வந்தேன்."

ஏதோ பைத்தியக்காரத்தனமாக ஒரு நாள் எடுத்திருக்கிறாள், எடுத்த அன்றே இடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி அவளிடம் பேசவில்லை. அவள் மணிக்கட்டில் கட்டு இருந்ததை மறுநாள்தான் கவனித்தார். அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் கோபம் தணிந்துவிடுமோ என்று பயம்.

கணக்கு அவருக்கு அத்துப்படி. கையிலிருந்து போட்டுச் சரிசெய்ய இந்த ஜென்மத்தில் முடியாது. க்ளெய்ம் கிடைத்தால், கிடைப்பது சொற்பமானாலும், அதை வைத்து சேசிஸை நிமிர்த்தி வேலையை ஆரம்பிக்கலாம். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம். க்ளெய்ம் இல்லை என்றால் வண்டி பழைய இரும்புக்காரரிடம்தான் போகும். எல்லாம் படிவத்தில் ஒரே ஒரு வரியில் இருந்தது. ஓட்டியவர் பெயர். இருபத்தாறு வருஷம் அந்த வரியில் அடுத்தவர்கள் எழுதிய பொய்யைப் பிடித்துப் பேர் வாங்கியவர், பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார். புதன்கிழமை மத்தியானம் ஜீப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததாக ஒரு கதையும் கட்டினார். பிறகு கொட்டகைக்குப் போய், முன்னால் தள்ளியிருந்த இருக்கையைத் தன் காலுக்குத் தகுந்தபடி பின்னால் இழுத்து வைத்தார். ஓட்டியவர் யார் என்பதை இருக்கையை வைத்தே அவர் சொல்லிவிடுவார். மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள் அல்லவா?

"நான் ஓட்டினதா எழுதியிருக்கேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், உள்ளேயே இரு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் வேறு கிளையிலிருந்து வண்டியைப் பார்க்க ஆள் வந்தார். அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஆனால் தேய்மானத்தின் மேல், தன் தொழில்காரர் என்று மரியாதை வைத்திருந்தார். சுற்றி வந்து படம் எடுத்தார். கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அப்போதுதான் தேய்மானத்துக்கு உறைத்தது. இருக்கையை நகர்த்தியவர் கண்ணாடியை மறந்துவிட்டார். குள்ளமான ஒருவருக்காகத் திருப்பி வைத்த கண்ணாடி. லென்ஸ் உயரத்துக்கு அதில் சாலை தெரியாது.

லென்ஸ் இறங்கினார். அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர்.

"சும்மா கேக்கணும்னு கேக்குறேன் சார். ஃபார்மாலிட்டி. வீட்ல வேற யாராவது ஓட்டுவாங்களா?"

அதே நேரம் மனைவி டீயோடு வந்தாள். கட்டுப்போட்ட கையால் தட்டைத் தாங்க முடியாமல் மெதுவாக வந்தாள். இவர் பெரிதாகச் சிரித்தார். தேவைக்கு மேலேயே சிரித்தார்.

"யாரு, இவளா? நல்லா கேட்டீங்க போங்க. இவளுக்கு கிளட்ச் எது, பிரேக் எதுன்னே தெரியாது. சாவி குடுத்தா பீரோவைத் திறந்துடுவா, வண்டியத் திறக்கத் தெரியாது."

லென்ஸும் மரியாதைக்குச் சிரித்தார். பேனாவைத் திறந்தார். அந்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருந்தது. வண்டி பிழைத்துவிட்டது. இவருக்கு மூச்சு வந்தது.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார் ஓட்டினேன்" என்றாள்.

"ஏய், உள்ள போ."

"நான்தான் ஓட்டினேன். பதினோரு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். ஒவ்வொரு புதன்கிழமையும். ரெண்டாவது கியர் காலைல சரியா விழாது. ஒரு தடவ மூணுக்குக் கொண்டுபோய்ட்டு வந்தா விழும். இடது பக்கம் திருப்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் இழுக்கும், பயப்படக்கூடாது, விட்டுப் பிடிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா கடை வேனை நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் உள்ள இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

இரண்டாவது கியர் விஷயம் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவர் நினைத்திருந்தார். வண்டி நொறுங்கியதைவிட அது அதிகமாக வலித்தது. இறங்கிப்போன பெட்ரோல் முள், மாற்றிய பம்பு, நடுத்தெருவில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதர், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

லென்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம் காதுல விழுற மாதிரி சொல்லிட்டாங்க. இனிமே நான் என்ன சார் பண்ண முடியும்?" என்றார். டீயைத் தொடாமலே போனார். அவர் மேலிடத்துக்கு எழுதினால் இவர் வேலைக்கும் கேடு வரும். எழுத மாட்டார் என்று தோன்றியது, ஆனால் நிச்சயமில்லை.

தேய்மானம் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தார்.

"மெக்கானிக்குக்குத் தெரியுமா?"

"நீங்க சண்டை போட்ட மறுநாளே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். 'சாருக்குத் தெரிய வேண்டாம்மா, அப்புறம் உங்களை விட மாட்டாரு'ன்னு அவர்தான் சொன்னார். பிரேக் பார்த்துக் குடுத்தது, ஆயில் ஊத்தினது எல்லாம் அவர்தான்."

"பாப்பாவுக்கு?"

"புதன்கிழமை பள்ளிக்கூடத்துலேர்ந்து அவளைக் கூட்டிட்டு வந்ததே இதுலதான். ரெண்டு சீட்டு, ரெண்டு பேர். கூரையத் திறந்து விட்டுட்டு வருவோம்."

ஆக, தெருவுக்கே தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் எல்லோரும் சேர்ந்து ஒரு மனிதரிடமிருந்து ஒரு சந்தோஷத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"பேசாம இருந்திருந்தா வண்டி மிஞ்சியிருக்கும்ல? உனக்கும் அது பிடிக்கும்னா, அப்புறம் ஏன்டி சொன்ன? ஏன்?"

"பிடிக்கும்தான். உங்களைவிட எனக்கு அதிகமா பிடிக்கும்னு வச்சுக்கோங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நம்ம வீட்டுச் செவுரு, என் பல்லு வைத்தியம், பாப்பா கேட்ட டூர், எல்லாம் அதுக்குள்ள போச்சு. அப்பவும் எனக்குப் பிடிக்கும். ஆனா அந்த வண்டியில நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அதை நான் ஓட்டினேன். அதையும் உங்க பேர்ல எழுதிக்கிட்டு, வந்தவர் முன்னாடி என்னை வச்சுச் சிரிக்கிறீங்க. அப்படி ஒரு வண்டி நமக்கு எதுக்கு? இரும்புக்கே போகட்டும்."

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வருவதாகப் போனில் பேசி முடித்தார். பேரம் பேசவில்லை. எடை போட்டு என்ன கொடுத்தாலும் சரி என்றுவிட்டார். போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். மிஞ்சியிருந்த ஒரே நியாயத்தைக் கையில் எடுத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருட்டுத்தனமா எதுக்கு? கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் ஆறிப்போன டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேனே. கல்யாணமாகி மூணாவது மாசம். இதே இடத்துல நின்னுதான் கேட்டேன். 'கிளட்ச் போயிடும்'னீங்க."

அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்கு நினைவில்லை.